புளித்த மோரா, கெட்டுப்போன பாலா?

ருவான்வெல்லைத் தோட்டப்புறங்களில் தாய்மாரோடு பேசும்போது எம்மிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது: "நேத்துப் பால் திரிஞ்சி போச்சிங்க, மோருனு நெனச்சி கொழம்பு வைக்கலாமா?"

1977ஆம் ஆண்டு வன்செயலுக்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்குப் போய்க் காடு வெட்டி, மாடு வளர்த்த குடும்பங்களில் இக்கேள்வி எழாது. அங்கே உறைமோர்ச் சட்டி அடுப்படியை விட்டு அகலாது. காணியும் மாடும் கைவிட்டுப் போனபின் போத்தல் பாலும் பால்மாவுமே கதியாயிற்று. 2022இல் பால்மாவுக்கு வரிசையில் நின்றவர்களுக்கு ஒரு கோப்பைப் பாலைக் கொட்டுவது எவ்வளவு மனவருத்தம் என்று எமக்கும் தெரியும். ஆனாலும் எமது பதில், கொட்டிவிடுங்கள் என்பதே.

காரணம் இதுதான். பாலைக் காய்ச்சும்போது அதைப் புளிக்கவைக்கும் நல்ல நுண்ணுயிர்களும் அழிந்துவிடுகின்றன. சூட்டைத் தாங்கி மிஞ்சும் வேறு சில பெருகிப் பாலின் புரதத்தைச் சிதைக்கின்றன. ஆகவே அது புளிப்பதற்குப் பதிலாகக் கசக்கிறது, நாறுகிறது. சில கிருமிகள் விடும் நஞ்சு மறுபடி கொதிக்க வைத்தாலும் போகாது. மோரில் நிலைமை வேறு: உறைமோரில் உள்ள நுண்ணுயிர்கள் முந்திக்கொண்டு புளிப்பை உண்டாக்க, மற்றவை தலையெடுப்பது கடினமாகிறது.

நல்ல தயிர் ஒரே கட்டியாக, இதமான புளிவாசத்தோடு இருக்கும். மேலே தெளிந்த நீர் நின்றால் பயமில்லை. நூல்போல இழுபட்டாலும், ஓட்டை ஓட்டையாகப் பொங்கியிருந்தாலும், இளஞ்சிவப்போ பூஞ்சணமோ கண்டாலும் வாயில் வைத்துப் பார்க்கவும் வேண்டாம்.

மாடு இல்லாதவர்களும் மோர் செய்யலாம். கொதித்தாறிய நீர் ஒரு லீற்றரில் 125 கிராம் பால்மாவைக் கரைத்து, விரல் பொறுக்கும் சூட்டில் ஒரு மேசைக்கரண்டி நல்ல தயிரைக் கலந்து, மூடி வையுங்கள். விடியும்போது உறைந்திருக்கும். மழை இரவானால் சட்டியைத் துணியால் சுற்றுங்கள். பசும்பாலானால் காய்ச்சாமல் உறையிட வேண்டாம். தயிரைக் கடைந்து நீர் சேர்த்தால் மோர். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் அன்றன்றே முடித்துவிடுவது நல்லது. பாலில் தேசிக்காய் பிழிந்து திரிப்பது அவசரச் சமையலுக்கு உதவும், அது மோராகிவிடாது.

தேங்காய் விலை ஏறிய நாட்களில் கறிக்குத் தேங்காய்ப்பாலுக்குப் பதிலாக மோர் கைகொடுக்கிறது. பூசணிக்காயையோ வெண்டிக்காயையோ மஞ்சள், பச்சை மிளகாயோடு தனியாக வேகவிடுங்கள். மோரில் ஒரு கரண்டி அரிசிமாவைக் கரைத்துக் கடைசியில் ஊற்றிக் கிளறுங்கள். மா சேர்ந்தால் மோர் எளிதில் திரியாது. நுரை கட்டியதும் இறக்கி, கடுகும் செத்தல் மிளகாயும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டுங்கள். மண்சட்டியே இதற்கு ஏற்றது. ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரங்களைப் புளிப்பு அரித்து, உணவை நஞ்சாக்கும்.

ஆறு மாதம் நிறையாத குழந்தைக்குப் பாலும் வேண்டாம், மோரும் வேண்டாம்; தாய்ப்பால் மட்டுமே கொடுங்கள்.