மூளைக்கட்டியும் கான்ட்ராஸ்ட் ஊசியும்

விடாத தலைவலி, வாந்தி, திடீர் வலிப்பு என்று ஏரலிலிருந்து தூத்துக்குடிக்கோ திருநெல்வேலிக்கோ போகிறோம். "கான்ட்ராஸ்ட் போட்டு எம்.ஆர்.ஐ. எடுக்கணும்" என்கிறார் மருத்துவர். "ஊசி இல்லாம எடுத்தா ஆகாதா?" என்பதுதான் நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி.

அந்த ஊசியில் இருப்பது கடோலினியம் என்ற உலோகத்தின் சேர்மம். 60 கிலோ எடையுள்ளவருக்குப் பெரும்பாலும் 12 மி.லி. ஏற்றுவார்கள். மூளையின் நுண்ணிய இரத்தக் குழாய்களுக்கு அல்லாஹ் இறுக்கமான ஒரு தடுப்பை அமைத்திருக்கிறான். இரத்தத்தில் ஓடும் பல பொருட்கள் அதைத் தாண்டி மூளைக்குள் நுழைவதில்லை. கட்டி வளரும் இடத்தில் அந்தத் தடுப்பு பழுதாகிவிடும். மருந்து அங்கே கசிய, படத்தில் அந்த இடம் வெள்ளையாகப் பளிச்சிடும். மூளை உறையில் வளரும் மெனிஞ்சியோமா பெரும்பாலும் சீராக ஒளிரும். கிளியோபிளாஸ்டோமா என்ற கொடிய புற்றுநோயோ நடுவில் இருண்டு, ஓரத்தில் வளையமாகத் தெரியும்.

வளையம் தெரிந்தாலே புற்றுநோய் என்று கலங்கிவிட வேண்டாம். மூளைக் காசநோய்க் கட்டியும் நாடாப்புழுவின் கூடும் இதேபோல் வளையமாக ஒளிரும். நம் நாட்டில் இவ்விரண்டும் அரிதல்ல. பன்றி இறைச்சியைத் தொடாத நமக்கு அந்தப் புழு எப்படி வரும் என்று கேட்கலாம். மனிதக் கழிவு கலந்த தண்ணீர், சரியாகக் கழுவாத காய்கறி வழியாக அதன் முட்டை யார் வயிற்றுக்குள்ளும் போகும். மறுபுறம், மெதுவாக வளரும் சில கட்டிகள் ஊசி போட்டாலும் ஒளிர்வதில்லை. பல நேரங்களில் சதைப் பரிசோதனைதான் முடிவு சொல்லும்.

சிறுநீரகம் கெட்டுவிடும் என்ற பயம் பலருக்கு. சிறுநீரகம் ஏற்கெனவே கடுமையாகப் பழுதானவர்களுக்குத்தான் இதில் தனிக் கவனம் தேவை. டயாலிசிஸ் செய்பவர்களும் கர்ப்பிணிகளும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தாய்ப்பால் கொடுப்பதைப் பொதுவாக நிறுத்த வேண்டியதில்லை.

ரமளானில் ஊசி நோன்பை முறிக்குமா என்ற சந்தேகத்தை ஆலிமிடம் கேட்டுத் தெளியலாம். நோயாளிக்கு வேறு நாட்களில் நோன்பு நோற்கும் சலுகை இருக்கும்போது, ஸ்கேனைப் பெருநாளுக்குப் பிறகு என்று தள்ளிப்போடாதீர்கள்.

உள்ளே போகுமுன் தலைத்துணியின் ஊக்குகள், தாயத்து, வெள்ளி அரைஞாண் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். காந்தம் இழுத்துவிடும், அல்லது படம் கெடும்.

பழைய ஸ்கேன் சி.டி.யைப் பத்திரமாக வைத்திருங்கள். கதிர்வீச்சு சிகிச்சைக்குப் பிந்தைய மாதங்களில், கட்டி வளராமலேயே அந்த இடம் முன்பைவிட அதிகமாக ஒளிர்வதுண்டு. பழைய படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் மருத்துவரால் அதைப் பிரித்தறிவது கடினம்.