மழைக்கு முன்னே மீன்குட்டைக்குக் காவல்

குட்டை வெட்டியாச்சு, தண்ணீர் நிரம்பியாச்சு, குஞ்சும் விட்டாச்சு. அதற்கப்புறம் நம் கூட்டங்களில் பேச்செல்லாம் தீவனத்தைப் பற்றியும் விலையைப் பற்றியும்தான். ஐப்பசி அடைமழையில் அந்த மீன் குட்டைக்குள்ளேயே நிற்குமா என்று கேட்பவர்கள் குறைவு.

வங்கியில் இருந்தபோது மீன்குட்டைக் கடன் விண்ணப்பங்கள் பல என் மேசைக்கு வந்திருக்கின்றன. நீளம், அகலம், ஆழம், குஞ்சு விலை, தீவனச் செலவு என்று எல்லாவற்றுக்கும் படிவத்தில் கட்டம் இருக்கும். உபரி நீர் எந்த வழியாகப் போகும், அந்த வழியில் வலை உண்டா என்பதற்குக் கட்டமே கிடையாது. இன்று கள்ளக்குறிச்சிப் பக்கம் குட்டை வைத்திருக்கும் உழவனாகச் சொல்கிறேன்: அந்தக் கட்டம்தான் முதலில் வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 30 மீட்டருக்கு 30 மீட்டர் குட்டை என்றால் 900 சதுர மீட்டர், ஏறக்குறைய 22 சென்ட். சதுர மீட்டருக்கு ஒரு குஞ்சு வீதம் 900 விடுகிறோம். 700 பிழைத்து, ஒவ்வொன்றும் முக்கால் கிலோ வந்தால் 525 கிலோ. உங்கள் ஊர் விலையால் பெருக்கிக்கொள்ளுங்கள். இப்போது 10 செ.மீ. மழை பெய்கிறது. மேலே உள்ள 5 ஏக்கர் சரிவின் தண்ணீரில் பாதி குட்டைக்கு வந்தாலும் அது 1,000 கன மீட்டர். குட்டையின் மட்டம் மூன்றரை அடிக்கு மேல் ஏறும். போக வழி இல்லையென்றால் தண்ணீர் கரை தாண்டும். எட்டு மாத உழைப்பும் கூடவே போகும்.

நம் மாவட்டத்தில் மழை சொல்லிக்கொண்டு வருவதில்லை. 2024 ஃபெஞ்சல் புயலின்போது சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை திறந்துவிட்டார்கள். திருக்கோவிலூர்ப் பக்கம் தென்பெண்ணை எப்படி ஓடியது என்று பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். கல்வராயன் மலையில் கொட்டினால் கோமுகியும் மணிமுக்தாவும் அதே வேகத்தில் இறங்கும்.

நஷ்டம் நம்மோடு முடிந்தால்கூடப் பரவாயில்லை. கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் தேங்கிய தண்ணீரில் முட்டையிட்டுப் பெருகுவதில்லை. தப்பினால் பெரும்பாலும் நம் பணம்தான் போகும். ஜிலேபிக் கெண்டை அப்படியில்லை. வருடத்தில் பல தடவை முட்டையிடும், முட்டையையும் குஞ்சையும் தாய் வாயிலேயே வைத்துக் காக்கும். அதனால்தான் கிஃப்ட் திலேப்பியா வளர்க்க அரசு உரிமம் கேட்கிறது. ஆப்பிரிக்கக் கெளுத்தி ஈரத்தரையில் ஊர்ந்தே அடுத்த குட்டைக்குப் போய்விடும், கிடைத்ததையெல்லாம் தின்னும். 1997-லேயே மத்திய அரசு தடை செய்த மீன் அது. யார் மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீங்க. மலை ஓடையில் விழுந்த மீன் கோமுகி, மணிமுக்தா, வெள்ளாறு என்று பரங்கிப்பேட்டைக் கடல்வரை வழியெங்கும் பரவலாம். நம் அயிரை, குறவை, விராலுக்கு அங்கே யார் காவல்? 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரளத்தின் சாலக்குடி ஆற்றில் வலை போட்டவர்களுக்கு அமேசானின் அரபைமா கிடைத்தது. வளர்ப்பு இடங்களிலிருந்து வெள்ளத்தோடு வந்த மீன் அது.

நார்வேயில் கடல் கூண்டுகளிலிருந்து தப்பிய வளர்ப்பு சால்மன், காட்டு சால்மனோடு கலந்து பெரிய பிரச்சினை ஆனது. 2003-இல் கூண்டு, வலை, நங்கூரம் எல்லாவற்றுக்கும் தரநிலை எழுதினார்கள். மறு வருடம் அதைச் சட்டமாக்கினார்கள். மீன் தப்பினால் அரசுக்குச் சொல்லியே ஆக வேண்டும். அடுத்த சில வருடங்களில் வளர்ப்பு கூடியது, தப்பிய மீன் எண்ணிக்கை குறைந்தது. நமக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு வேண்டாம். கீழ்க்கண்டவை போதும்.

1. ஓடைப் போக்கை மறித்துக் குட்டை வெட்ட வேண்டாம். மழைத் தண்ணீர் சுற்றிப் போக மேல்பக்கம் வாய்க்கால் எடுங்கள்.

2. நிறைந்த மட்டத்துக்கு மேல் கரை இரண்டு அடியாவது நிற்கட்டும். ஏரிக்குக் கலங்கல் போல, குட்டைக்கும் உபரி நீர் வழி கட்டாயம்.

3. அந்த வழியில் குழாய் வாயை மட்டும் மூடுகிற சின்ன வலை கட்டினால் சருகு அடைத்து, தண்ணீர் கரை மேலே ஏறும். வலையைப் பெட்டி மாதிரி பெரிதாக வையுங்கள். இரண்டு வரிசையாக இருந்தால், ஒன்றை எடுத்துக் கழுவும்போது மற்றது காக்கும். வலைக்கண், உள்ளே இருக்கும் மிகச் சிறிய மீனின் உடம்பைவிடச் சிறியதாக இருக்க வேண்டும்.

4. கரை மேல் மூன்றடி உயரம் வலை கட்டி, அடியை அரை அடி மண்ணில் புதையுங்கள்.

5. நண்டு வளை, எலி வளையை வாரம் ஒரு தடவை பார்த்து அடையுங்கள்.

6. அறுவடையில் தண்ணீர் இறைக்கும்போது மோட்டார் வாயிலும், தண்ணீர் விழுகிற இடத்திலும் வலை. மிச்சக் குஞ்சை வாய்க்காலில் கொட்டக் கூடாது.

7. எண்ணி விடுங்கள், எண்ணி எடுங்கள், நோட்டில் எழுதுங்கள். குறைகிற கணக்குதான் ஓட்டை எங்கே என்று தேட வைக்கும்.

சாமான் வாங்கினால் மட்டும் ஆகாது, கை பழக வேண்டும். நடு ராத்திரி மழையில் வலையைக் கழுவப் போவது வீட்டுப் பெண்களோ, கூலிக்கு வரும் தம்பியோதான். பயிற்சிக்கு அவர்களையும் கூட்டிப் போங்கள். மீன்வளத் துறை பயிற்சியில் ஒரு நாளாவது கரையில் நின்று, மடையைத் திறந்து மூடி, வலையை மாற்றிக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். மானியமோ கடனோ கொடுப்பவர்கள், உபரி நீர் வழியும் வலையும் இருப்பதைப் பார்த்தபிறகே பணம் விடுவிக்க வேண்டும் என்று நம் இயக்கம் மனு கொடுக்கலாம். வலைச் செலவையும் திட்ட மதிப்பீட்டிலேயே சேர்க்கச் சொல்லலாம்.

மனு நடக்கிறபோது நடக்கட்டும். புரட்டாசி முடிவதற்குள் உங்கள் குட்டைக் கரையை ஒரு சுற்று நடந்து பாருங்கள். பக்கத்துக் குட்டைக்காரரையும் கூட்டிக்கொள்ளுங்கள். அவர் கரை உடைந்தால் தண்ணீர் வருவது நம் பக்கம்தான்.