மணி அடிக்கிற நேரம்

குடுபல்லி, சித்தூர் மாவட்டத்தின் தென்மேற்கு மூலையில் இருக்கிறது. குப்பத்துக்குப் பக்கத்து ஊர். ஒரு பக்கம் கர்நாடகம். இன்னொரு பக்கம் தமிழ்நாடு. தெலுங்கு, தமிழ், கன்னடம் மூன்றும் இங்கே காதில் விழும்.

இந்தப் பக்கத்துக் கிராமத்தில் ஒரு பெண் இருக்கிறாள் என்று வைத்துக் கொள்வோம். வயது 13. எட்டாம் வகுப்பு படிக்கிறாள். காலையில் தண்ணீர் பிடிக்க வேண்டும். மாடு கறந்து பாலை ஊற்றிவிட்டு வர வேண்டும். பட்டுப்புழு வளர்க்கிற வீடு. புழுவுக்கு இலை போட வேண்டும். அம்மா விடிந்ததும் கூலிக்குப் போய்விடுவாள். எல்லா வேலையும் முடித்து, பஸ் பிடித்து, அவள் பள்ளிக்குப் போகும்போது மணி அடித்து 25 நிமிடம் ஆகியிருக்கும். வாரத்தில் 3 நாள் இப்படித்தான்.

முதல் பாடவேளை என்ன? கணக்கு. திங்கட்கிழமையும் கணக்கு. வியாழக்கிழமையும் கணக்கு. ஆண்டு முழுவதும் அதே கணக்கு.

இதை நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வாரத்துக்கு 3 நாள், நாளுக்கு 25 நிமிடம். மொத்தம் 75 நிமிடம். 35 வாரம் பள்ளி நடந்தால் 2,625 நிமிடம். பாடவேளை ஒன்றுக்கு 45 நிமிடம் என்றால், 58 பாடவேளை போய்விட்டது. அத்தனையும் ஒரே பாடத்தில்! ஆண்டு முடிவில் என்ன சொல்வார்கள்? "இவளுக்குக் கணக்கு வராது" என்பார்கள். "படித்தது போதும், வீட்டில் இரு" என்பார்கள். அவளுக்குக் கணக்கு வராமல் இல்லை. கணக்கு நடக்கிற நேரத்தில் அவள் பஸ்ஸில் இருந்தாள், அவ்வளவுதான்.

பள்ளி நேரத்தை வேறு விதமாகப் பிரிக்க முடியாதா?

முடியும். அமெரிக்காவில் 1960களில் பல உயர்நிலைப் பள்ளிகள் இதைச் செய்து பார்த்தன. லாயிட் டிரம்ப் என்ற கல்வியாளர் இந்த யோசனையைப் பரப்பியவர்களில் முக்கியமானவர்.

படியையும் ஆழாக்கையும் நினைத்துப் பாருங்கள். 8 ஆழாக்கு ஒரு படி. ஒரு கடையில் படி மட்டும்தான் இருக்கிறது. ஆழாக்கே இல்லை. ஒரு ஆழாக்கு அரிசி வேண்டும் என்றாலும் ஒரு படி வாங்க வேண்டும். ஒன்றரைப் படி வேண்டும் என்றால் கிடைக்காது. சாதாரணப் பள்ளியின் நேரம் இப்படித்தான். எந்தப் பாடமானாலும் 45 நிமிடம். செய்யுளுக்கும் 45 நிமிடம். அறிவியல் சோதனைக்கும் 45 நிமிடம். சோதனைக் குழாயை எடுத்துக் கழுவி வைப்பதற்குள் மணி அடித்துவிடும்.

புதிய முறையில் ஆழாக்கு வந்துவிட்டது. ஒரு நாளைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டினார்கள். ஒரு துண்டுக்கு மாட்யூல் என்று பெயர். சில பள்ளிகளில் 15 நிமிடம். சில பள்ளிகளில் 20 நிமிடம்.

45 நிமிடப் பாடவேளை 8 என்றால் 360 நிமிடம். அதையே 20 நிமிடத் துண்டாக வெட்டினால் 18 துண்டு. இப்போது வேலைக்குத் தகுந்தபடி நேரம் கொடுக்கலாம். அறிவியல் சோதனைக்கு 4 துண்டு. அதாவது 80 நிமிடம். செய்யுள் ஒப்புவிக்க 1 துண்டு போதும். தையல் வகுப்புக்கு 3 துண்டு.

இன்னொரு மாற்றமும் உண்டு. எல்லாப் பாடத்தையும் 40 பேருக்கு ஒரே அறையில் நடத்துவதில்லை. பொதுவாகச் சொல்ல வேண்டியதை 100 பேரைக்கூடச் சேர்த்து உட்காரவைத்து ஒரே ஆசிரியை சொல்வார். பிறகு 12 பேர், 15 பேர் எனச் சிறு குழுவாகப் பிரிவார்கள். வாய் திறந்து கேள்வி கேட்பது இங்கேதான். பெரிய வகுப்பில் வெட்கப்படுகிற பெண்ணும் இங்கே பேசுவாள். மீதி நேரம் மாணவியின் சொந்த நேரம். நூலகத்துக்குப் போகலாம். ஆசிரியையைத் தேடிப் போய்ச் சந்தேகம் கேட்கலாம்.

டிரம்ப் சொன்ன பங்கு இது: பெரிய வகுப்புக்கு நூற்றுக்கு 40. சிறு குழுவுக்கு 20. சொந்தப் படிப்புக்கு 40. நம் 18 துண்டில் இது ஏறக்குறைய 7, 4, 7.

நம் பெண்ணுக்கு இதனால் என்ன லாபம்? ஒவ்வொரு நாளும் அட்டவணை வேறு மாதிரி இருக்கும். இன்று முதலில் கணக்கு என்றால் நாளை முதலில் வரலாறு. தாமதமாக வந்தாலும் எல்லா நஷ்டமும் ஒரே பாடத்தில் விழாது. விட்டுப்போனதைச் சொந்த நேரத்தில் அன்றைக்கே பிடித்துவிடலாம். மாதவிலக்கு நாளில் பள்ளிக்கு வராமல் இருந்த பெண்ணும் அப்படியே பிடித்துக்கொள்ளலாம்.

இதில் கஷ்டமும் உண்டு. நூலகமும் கூடுதல் அறையும் வேண்டும். ஒவ்வொரு மாணவிக்கும் தனி அட்டவணை போட வேண்டும். இதற்காகவே அந்தக் காலத்தில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டரைப் பயன்படுத்தினார்கள். சொந்த நேரத்தைச் சில பிள்ளைகள் அரட்டையில் கழித்தார்கள். பெற்றோர் குறை சொன்னார்கள். 1970களில் பல பள்ளிகள் இந்த முறையைக் கைவிட்டன.

நம் பக்கத்திலும் ஒரு முயற்சி நடந்தது. மதனப்பள்ளி அருகே ரிஷிவேலிப் பள்ளி இருக்கிறது. அந்தப் பகுதி அப்போது சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. சுற்றுக் கிராமப் பிள்ளைகளுக்காக ரிஷிவேலியில் இருந்தவர்கள் 1980களின் பிற்பகுதியில் சிறு பள்ளிகள் தொடங்கினார்கள். அங்கே பாடத்தைப் படம் போட்ட அட்டைகளாகப் பிரித்தார்கள். ஒரு அட்டை முடிந்தால் அடுத்த அட்டை. ஏணிப்படி ஏறுவது போல. நாற்று நடவுக்கு ஒரு வாரம் போய்விட்டு வந்த பிள்ளை, விட்ட படியிலிருந்து மறுபடி ஏறலாம். இதைப் பார்த்துத்தான் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் வந்தது. ஆனால் இது சின்ன வகுப்புகளுக்கான முறை. உயர்நிலைப் பள்ளிக்குப் போனால் பழைய மணிதான்.

படிப்பை விட்டுவிட்ட பெண்களுக்குத் திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. மத்திய அரசின் தேசியத் திறந்தநிலைப் பள்ளி 1989இல் தொடங்கியது. ஆந்திர அரசின் திறந்தநிலைப் பள்ளி 1991இல் தொடங்கியது. தேசியப் பள்ளியில் 14 வயது ஆனவர்கள் பத்தாம் வகுப்புக்குச் சேரலாம். 5 ஆண்டு அவகாசம் உண்டு. 9 முறை தேர்வு எழுதலாம். இந்த முறை இரண்டு பாடம், அடுத்த முறை ஒன்று என்று எழுதலாம். தேறிய பாடத்தை மறுபடி எழுத வேண்டாம். கல்யாணம் ஆன பெண்ணும் சேரலாம். இதைப் பலர் இன்னும் கேள்விப்படவே இல்லை.

சரி, கூடுதல் அறையும் கம்ப்யூட்டரும் இல்லாத பள்ளியில் என்ன செய்வது? முதல் பாடவேளையையாவது மாற்றலாம். திங்கள் கணக்கு, செவ்வாய் தெலுங்கு, புதன் அறிவியல் என்று சுற்றி வரச் செய்யலாம். இதற்குப் பணம் வேண்டாம். அட்டவணைத் தாளைத் திருத்தி எழுதினால் போதும்.

இதை யார் கேட்பது? 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி, எட்டாம் வகுப்பு வரை நடக்கும் அரசுப் பள்ளிகளில் பெற்றோர் இருக்கும் குழு உண்டு. குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். கூட்டம் நடக்கும் நாளைத் தலைமை ஆசிரியரிடம் கேட்டால் சொல்வார். "எங்கள் ஊர்ப் பஸ் எத்தனை மணிக்கு வருகிறது தெரியுமா? முதல் பாடவேளை என்ன வைத்திருக்கிறீர்கள்?" என்று அங்கே ஒரு அம்மா கேட்கலாம்.