பழைய மேக்குக்குப் புது லாஜிக் போர்டு: ஏன்? எப்படி?

ஆப்பிள் நிறுவனம் 1989 ஜனவரியில் வெளியிட்ட மேக்கின்டாஷ் எஸ்இ/30 கணினிகளை இன்று இயக்கிப் பார்த்தால், பலவற்றில் திரை முழுக்கக் கோடுகள்தான் தெரிகின்றன, ஒலியும் வருவதில்லை.

ஏன்?

கணினியின் தாய்ப்பலகையான லாஜிக் போர்டில் உள்ள எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர்களுக்குள் மின்பகு திரவம் இருக்கிறது. அடியிலுள்ள ரப்பர் அடைப்பு நாளடைவில் தளர்ந்ததும் அந்தத் திரவம் கசிந்து, முடி போல மெல்லிய தாமிரத் தடங்களை அரிக்கிறது. கடிகாரத்துக்கான 3.6 வோல்ட் லித்தியம் பேட்டரி வெடித்துவிட்டால் சேதம் இன்னும் மோசம்; போர்டே தேறாமல் போகலாம்.

எப்படி?

புதிய போர்டு செய்ய, ஆர்வலர்கள் கெட்டுப்போன போர்டிலிருந்து பாகங்களையெல்லாம் கழற்றி, இரு பக்கத்தையும் ஸ்கேன் செய்கிறார்கள். மேற்பரப்பைத் தேய்த்தெடுத்து உள்ளடுக்கையும் படம்பிடிக்கிறார்கள். அந்தப் படத்தின் மேல் ஒவ்வொரு தடத்தையும் கணினியில் வரைந்து, சில்லின் எந்தக் கால் எதனோடு இணைகிறது என்று மல்டிமீட்டரால் சரிபார்க்கிறார்கள். அந்தக் கோப்பை அனுப்பினால், தொழிற்சாலை வெற்றுப் போர்டைத் தயாரித்துத் தரும்.

ஆப்பிள் தனக்கென வடிவமைத்த ஒலிச் சில்லு போன்றவை இப்போது உற்பத்தியில் இல்லை. பழைய போர்டிலிருந்து அவற்றை வெப்பக்காற்றால் இளக்கியெடுத்து, புதியதில் சால்டர் செய்ய வேண்டும். கெப்பாசிட்டர்களுக்கு மட்டும் பழையவற்றுக்குப் பதிலாக, திரவமே இல்லாத டான்டலம் அல்லது செராமிக் வகையைப் பொருத்தலாம்.

போர்டை எத்தனை முறை வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம்; அந்தச் சில்லுகளை அப்படிச் செய்ய முடியாது. பழுதான லாஜிக் போர்டு கையில் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். பேட்டரியை இன்றே கழற்றிவிட்டுப் பத்திரப்படுத்துங்கள்.