புயலுக்கு முன் வீட்டில் என்ன இருக்கிறது?

2018 நவம்பர் 16, நள்ளிரவு கடந்த நேரம். நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா புயல், கடலோரத்தை அடித்துவிட்டு ஓய்ந்துவிடும் என்றுதான் உள்ளூர்ப் பக்கம் பலரும் நினைத்தார்கள். அது ஓயவில்லை. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு என்று தென்னந்தோப்புகளைச் சாய்த்துக்கொண்டே புதுக்கோட்டை, திண்டுக்கல் வழியாகக் கேரளம் போய்ச் சேர்ந்தது. விடிந்தபோது சாலை எங்கே, தோப்பு எங்கே என்று தெரியவில்லை. பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தோ முறிந்தோ போயிருந்தன. எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை முன்னதாகவே முகாம்களுக்கு அழைத்துப் போயிருந்ததால் உயிர்ச்சேதம் மட்டுப்பட்டது. அப்படியும் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

அடுத்து வந்த நாட்களில் பட்டுக்கோட்டை வட்டாரத்து வீடுகளில் முதலில் தீர்ந்தது எது? அரிசி என்று சொன்னால் அது தவறு. நெல் விளையும் ஊர், ரேஷன் அரிசி வேறு. பெரும்பாலான வீடுகளில் அரிசி இருந்தது. தீர்ந்தது தண்ணீர்.

கரண்ட் போனால் விளக்கு எரியாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். கரண்ட் இல்லையென்றால் ஊராட்சி மோட்டார் ஓடாது, மோட்டார் ஓடாவிட்டால் மேல்நிலைத் தொட்டி நிரம்பாது, தொட்டி காலியானால் தெருக்குழாயில் காற்றுதான் வரும் என்பதை அந்த வாரம் ஊரே பாடமாகப் படித்தது. அடிபம்பு இருந்த தெருக்களில் வரிசை நின்றது. இல்லாத ஊர்களில் ஆளுக்கு இவ்வளவு என்று காசு போட்டு, ஜெனரேட்டரை வாடகைக்குக் கொண்டுவந்து, முதலில் தொட்டியை நிரப்பினார்கள். பிறகு அதே ஜெனரேட்டரில் செல்போன்களுக்குச் சார்ஜ் ஏற்றினார்கள். மெழுகுவர்த்திக்குத் தட்டுப்பாடு. மிக்ஸியும் கிரைண்டரும் சும்மா கிடக்க, கொல்லைப்புறத்தில் துணி துவைக்கிற கல்லாக மாறியிருந்த அம்மிக்கு மறுபடி வேலை வந்தது. சில கிராமங்களில் மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆயிற்று.

வெளியூர்களிலிருந்து உதவ வந்தவர்களுக்கு அப்போது கைபேசி வழியே போன பட்டியல்களைப் பார்த்தால் காவிரி டெல்டாவின் தேவை புரியும். தார்ப்பாய், டார்ச் லைட், மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, கொசுவர்த்திச் சுருள், பால் பவுடர், சானிட்டரி நாப்கின், குடிநீர். எல்லாம் சாதாரணக் கடைச் சாமான். ஆனால் கடையே திறக்காத நாளில், திறந்தாலும் போக வழியில்லாத நாளில், அவை கிடைக்காத சாமான்களாகிவிட்டன.

இதில் ஒரு முரண் உண்டு. சேர்த்து வைப்பதில் இந்த மண்ணுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. பாபநாசத்துக்குப் பக்கத்தில் திருப்பாலைத்துறை பாலைவனநாதர் கோயிலில், நாயக்கர் காலத்தில் செங்கல்லால் கட்டிய நெற்களஞ்சியம் இன்றும் நிற்கிறது. 36 அடி உயரம். 3,000 கலம் நெல் கொள்ளும் என்று கணக்கு. கோயிலுக்குக் களஞ்சியம் என்றால் வீட்டுக்குப் பத்தாயம். வசதி குறைந்த வீட்டில் மண்குதிர்.

பத்தாயங்களையும் குதிர்களையும் இன்றைய பிள்ளைகளில் பலர் பார்த்திருக்க மாட்டார்கள். குதிர் என்பது மண்ணுறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இணைப்புகளை மண்ணும் சாணமும் குழைத்துப் பூசியது. பத்தாயம் மரப்பலகைச் சட்டங்களை அடுக்கியது. இரண்டிலும் நெல்லைக் கொட்டுவது மேலே, எடுப்பது கீழே. அடியில் ஒரு சிறு வாய் இருக்கும். அதன் அடைப்பை எடுத்தால் நெல் தானாகச் சரிந்து மரக்காலில் விழும். மேலே புது நெல் கொட்டக் கொட்ட, கீழே பழைய நெல்தான் முதலில் வெளியே வரும். நெல் ஆண்டுக்கணக்கில் அடியில் தங்கிப் புழுத்துப்போக வாய்ப்புக் குறைவு.

நிலநடுக்கத்துக்குப் பழகிய ஜப்பானில், வீட்டுச் சேமிப்புக்கு இதே முறையைத்தான் அரசு சொல்லித் தருகிறது. அவசரத்துக்கென்று தனியே ஒரு பெட்டியை வாங்கி மூலையில் பூட்டி வைப்பதோடு நின்றுவிடாதே, அன்றாடம் சாப்பிடுவதையே கொஞ்சம் கூடுதலாக வாங்கி வை, பழையதை முதலில் எடு, எடுத்ததை நிரப்பு. குறைந்தது மூன்று நாள், முடிந்தால் ஒரு வாரத்துக்கு இருக்கட்டும் என்பது அங்கே கணக்கு. சுவீடன் 2018-இல் நாட்டிலுள்ள எல்லா வீடுகளுக்கும் ஒரு கையேடு அனுப்பியது; 2024-இல் அதைத் திருத்தி மறுபடியும் அனுப்பியது. 2025 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியம் தன் குடிமக்களிடம் 72 மணி நேரத்துக்கான சாமான்களைக் கையிருப்பில் வைக்கச் சொன்னது. அதையெல்லாம் செய்தியில் படித்து வியக்கிறோம். தஞ்சாவூர்க் கிழவிகள் சிரித்திருப்பார்கள்.

கோடையில் கொட்டை எடுத்த புளியை வெயிலில் காய வைத்து, கல்லுப்பு கலந்து பானையில் அமுக்கி வைத்தால் அடுத்த கோடை வரை வரும். துவரைக்குச் செம்மண் கட்டிக் காய வைத்து எடுத்து வைத்தால் வண்டு அண்டாது. பயறு டப்பாவில் வேப்பிலை, வசம்பு. சித்திரை வெயிலில் வடகம், வற்றல். மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம் பக்கம் கருவாடு. கொல்லையில் மழை படாமல் அடுக்கிய தென்னை மட்டையும் பாளையும். ஐப்பசி அடைமழையில் அடுப்பெரிய வேண்டுமே! இவையெல்லாம் பேரிடர் மேலாண்மை என்ற பெயர் வருவதற்கு முன்பே நடந்தவை. 1952, 1977 நவம்பர்ப் புயல்களை அந்த வீடுகள் இப்படித்தான் தாண்டின.

பத்தாயம் ஏன் போனது என்பதற்குச் சோம்பேறித்தனம் காரணமில்லை. அறுத்த நெல் களத்திலிருந்தே நேரடிக் கொள்முதல் நிலையத்துக்குப் போகிறது. மாதாமாதம் ரேஷன் கடையில் அரிசி, பருப்பு, பாமாயில் வருகிறது. 2011 முதல் அரிசிக்கு விலையும் இல்லை. தெருமுனையில் மளிகைக் கடை. புது வீட்டுக் கூடத்தில் பத்தாயத்துக்கு இடமும் இல்லை. பசியைப் போக்கியதில் பொது விநியோகத்துக்கு உள்ள பங்கை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஊரில் விளைந்த நெல்லைக் கண்ணால் பார்த்துக்கொண்டே பட்டினி கிடந்த கூலிக் குடும்பங்கள் பத்தாயக் காலத்தில்தான் இருந்தன. ஆகவே பழங்காலத்துக்குத் திரும்பச் சொல்வது இங்கே நோக்கமில்லை. அடிவாய் வைத்த அந்த யோசனையை மட்டும் இன்றைய சமையலறைக்குக் கொண்டுவந்தால் போதும்.

முதலில் தண்ணீர். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 3 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், நான்கு பேர் உள்ள வீட்டுக்கு மூன்று நாளைக்கு 36 லிட்டர். மூடியுள்ள 20 லிட்டர் கேன் இரண்டு இருந்தால் முடிந்தது. புயல் எச்சரிக்கை வந்ததும் நிரப்பிக்கொள்ளலாம் என்று விடக் கூடாது. எச்சரிக்கை வந்த நாளில் எல்லோரும் குழாயைத் திறப்பார்கள். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி முழுக்க இரண்டு கேன் எப்போதும் நிரம்பியிருக்கட்டும்; சில நாளைக்கு ஒருமுறை அதைப் புழங்கிவிட்டு மறுபடி பிடித்து வைக்கலாம். கழுவவும் கழிப்பறைக்கும் அண்டா, டிரம், பக்கெட் எதுவானாலும் சரி. வெள்ளம் புகுந்த கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்கக் கூடாது. கொதிக்க வைக்க முடியாத வீட்டுக்குக் குளோரின் மாத்திரை உதவும். வயிற்றுப்போக்கு வந்தால் கை கொடுக்க ஓ.ஆர்.எஸ். பொட்டலம் நாலைந்து இருக்கட்டும்.

சாப்பாட்டுக்குப் பெரிய திட்டம் வேண்டாம். நான்கு பேருக்கு ஒரு வாரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோ அரிசி. கூடவே பருப்பு, புளி, உப்பு, எண்ணெய், ஊறுகாய். அடுப்பே எரியாத நாளுக்கு அவல், பொரி, பொட்டுக்கடலை, வெல்லம், பிஸ்கட். அவலை ஊறவைத்தால் போதும்; தீ கேட்காது. கேஸ் சிலிண்டர் ஒன்றே உள்ள வீட்டில் புரட்டாசிக் கடைசியில் அதை ஒரு தடவை தூக்கிப் பார்ப்பது நல்லது. மண்ணெண்ணெய் இப்போது முன்போல் கிடைப்பதில்லை என்பதால், ஸ்டவ் இருக்கிறதே என்று நம்பி இருப்பதில் பொருளில்லை.

வெளிச்சத்துக்கு இன்வெர்ட்டரை நம்புகிறவர்கள் அதிகம். அது சில மணி நேரக் கரண்ட் கட்டுக்கு வந்த சாதனம். வாரக்கணக்கில் இருட்டென்றால் முதல் நாளே அது படுத்துவிடும். பேட்டரி போடும் டார்ச், மாற்று பேட்டரி, பிளாஸ்டிக் உறைக்குள் தீப்பெட்டி, ஒரு பவர் பேங்க். சார்ஜ் அதிக நேரம் நிற்கும் பழைய பட்டன் போன் வீட்டில் கிடந்தால் தூக்கிப் போட வேண்டாம். டவர் விழுந்துபோன நாளில் திருச்சி வானொலியைக் கேட்க ஒரு டிரான்சிஸ்டர் போதும். ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் அதை வீட்டுக்குள் ஓட்டவே கூடாது. அந்தப் புகையில் உள்ள மணமில்லாத நச்சு வாயு ஆளைக் கொல்லும்.

பட்டுக்கோட்டைப் பக்கத்துக்கென்றே ஒன்று சேர்க்க வேண்டும்: நல்ல அரிவாள், கோடாரி, கயிறு. கஜாவுக்கு மறுநாள் வழியை மறித்துக் கிடந்த மரங்களை அரசு எந்திரம் வரும்வரை காத்திராமல் ஊர்க்காரர்களே வெட்டித்தான் பாதை திறந்தார்கள். ஓட்டு வீடு, கூரை வீடு என்றால் ஒரு தார்ப்பாய் கட்டாயம்.

மருந்து பற்றிப் பேசாமல் போக முடியாது. சர்க்கரை, ரத்த அழுத்தம், வலிப்பு, ஆஸ்துமா என்று தினசரி மாத்திரை சாப்பிடும் ஒருவராவது இல்லாத வீடு இன்று அபூர்வம். கடைசி அட்டையில் கடைசி மாத்திரை வரை காத்திருந்து வாங்கும் பழக்கத்தை மழைக்காலத்திலாவது மாற்றி, இரண்டு வாரத்துக்குக் கூடுதலாக வைத்திருக்க வேண்டும். இன்சுலின் போடுகிறவர்களுக்கு ஃபிரிட்ஜ் நின்றுபோனால் பதற்றம் வரும். பயன்பாட்டில் உள்ள குப்பி வழக்கமான அறை வெப்பத்தில் சுமார் நான்கு வாரம் தாங்கும். திறக்காத குப்பிகளை நனையாமல் உறையிலிட்டு, ஈரத்தால் குளிர்ந்த மண்பானைக்குள் வைத்துச் சமாளிக்கலாம். எந்த மருந்து எவ்வளவு தாங்கும் என்பதை மருத்துவரிடம் இப்போதே கேட்டுக்கொள்வது நல்லது.

ரேஷன் அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம், பட்டா நகல் எல்லாம் ஒரே பிளாஸ்டிக் உறையில். ஏ.டி.எம். ஓடாத நாளுக்குச் சில்லறையாகக் கொஞ்சம் பணம். மாநில அவசர எண் 1070, மாவட்டத்துக்கு 1077. இரண்டையும் சுவரிலேயே எழுதி வைக்கலாம்.

சேர்த்து வைக்கச் சொன்னால் அள்ளிக் குவிக்கும் ஆபத்தும் இருக்கிறது. 2020 ஏப்ரல் 25 அன்று, மறுநாள் முதல் நான்கு நாள் முழு ஊரடங்கு என்றதும் சென்னை, மதுரை, கோவைக் கடைகளில் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து வாங்கினார்கள். கொள்ளைநோய்க்குப் பயந்து போட்ட ஊரடங்குக்காக, அந்த நோயே பரவும்படி கூடினார்கள். வாரம் ஒரு பொருளாக ஆவணியிலிருந்து சேர்க்கும் வீடு அந்தக் கூட்டத்தில் நிற்காது. பக்கத்து வீட்டுக்காரருக்கு உரியதையும் பறிக்காது. கடைசி நேரத்தில் பத்து பாக்கெட் பால் பவுடரைத் தூக்கிப் போவதற்குச் சேமிப்பு என்று பெயரில்லை.

இத்தனையும் வாங்க வழியுள்ள வீட்டுக்கான பேச்சு. அன்றாடக் கூலிக்குப் போய் அன்றன்றைக்கு எண்ணெய் வாங்கும் குடும்பம் எதைச் சேர்க்கும்? சேர்த்தாலும், காற்றில் பறக்கும் கூரைக்குக் கீழே எங்கே வைக்கும்? கஜாவில் அதிகம் இழந்தவர்கள் அவர்கள்தான். அவர்களுக்கான கையிருப்பு ஊருடைய கையிருப்பாகத்தான் இருக்க முடியும். நிவாரண மையமாகும் பள்ளிக்கூடத்தில் முன்கூட்டியே அரிசியும் பாத்திரமும் விறகும், ஊராட்சி அலுவலகத்தில் தார்ப்பாய்க் கட்டு, மரம் அறுக்கும் எந்திரம், எல்லாவற்றுக்கும் மேலாக மேல்நிலைத் தொட்டி மோட்டாரை ஓட்டப் போதுமான ஒரு ஜெனரேட்டர். இவ்வளவும் இருந்தால் அடுத்த புயலில் ஒரு கிராமம் தண்ணீருக்குத் தவிக்காது.

அக்டோபர் 2 அன்று ஒவ்வொரு ஊராட்சியிலும் கிராமசபை கூடுகிறது. வடகிழக்குப் பருவமழை தொடங்க அதற்குப் பிறகு பெரும்பாலும் இரண்டு மூன்று வாரமே இருக்கும். இந்த ஆண்டு அந்தக் கூட்டத்துக்குப் போகிறவர்கள், நம் ஊர்த் தொட்டிக்கு ஜெனரேட்டர் இருக்கிறதா, இருந்தால் ஓடுகிறதா, டீசல் யார் பொறுப்பு என்ற மூன்றையும் எழுந்து கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.