வசையும் வரம்பும்

பிறர் குற்றத்தை எடுத்துரைப்பதற்குத் தமிழில் வழங்கும் பழஞ்சொற்களுள் ஒன்று வசை. வைதல், வசவு என்பன அதன் இனச்சொற்கள். திருக்குறளில் ‘புகழ்’ என்னும் அதிகாரத்தில் புகழுக்கு மறுதலையாக நிற்பது இச்சொல்லே. தொல்காப்பியமோ இதனைச் செய்யுள் வகையொன்றின் பெயராகவே அமைக்கின்றது. அங்கதம் இருவகைப்படும். குறையை வெளிப்படையாகக் கூறுவது வசை. மொழியுள் மறைத்துக் கூறுவது பழிகரப்பு. ஆகவே, மறைவின்றிச் சொல்லப்படும் கண்டனம் என்பதே வசைக்கு முன்னோர் வகுத்த இலக்கணமாகும்.

அவ்விலக்கணத்துக்கு உயிருள்ள எடுத்துக்காட்டாக விளங்கியது மட்டக்களப்பு வாவியை அடுத்த ஊர்களில் நடைபெற்ற கொம்புமுறி. மழை வேண்டியும் நோய் நீங்க வேண்டியும் கண்ணகியம்மனுக்கு எடுக்கப்பெற்ற விழா அது. ஊரவர் வடசேரி, தென்சேரி என இரு கட்சியாகப் பிரிவர். வடசேரி கோவலன் பக்கம். தென்சேரி கண்ணகி பக்கம். வளைந்த இரு கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவிக் கயிறு பூட்டி, இரு சாராரும் எதிரெதிரே இழுப்பர். எவருடைய கொம்பு முறிகின்றதோ அவர் தோற்றவராவர். வென்ற சேரியார் தோற்றவரை வசைப்பாட்டால் எள்ளுவர். ஏனைய நாளிற் சொன்னாற் பகையாய் முடியும் சொற்கள், அன்று வழிபாட்டின் ஒரு பகுதியாகவே கொள்ளப்பட்டன.

சிங்கள மக்களிடையே அங்கெலிய என வழங்குவதும் பத்தினித் தெய்வத்துக்குரிய இத்தகைய விளையாட்டே. கண்டி இராச்சியத்தில் ஏறக்குறைய 19 ஆண்டுகள் சிறைப்பட்டிருந்த ரொபேட் நொக்ஸ், 1681இல் இலண்டனில் வெளிவந்த தமது நூலில் இதனைக் குறிப்பிட்டுள்ளார். ஊருக்கு அப்பால், பெண்டிர் காணாத இடத்தில் அது நடைபெற்றது என்பது அவர் கூற்று. வசைக்கு இடமும் காலமும் வகுக்கப்பட்டிருந்தமை இதனாற் புலனாகும்.

ஆங்கிலத்திலும் ‘பிளைட்டிங்’ என்றொரு பழஞ்சொல் உண்டு. வாதிடுதல், ஏசுதல் என்னும் பொருளுடைய பண்டை வினைச்சொல் ஒன்றிலிருந்து பிறந்தது அது. 1500ஆம் ஆண்டளவில், ஸ்கொட்லாந்துப் புலவர்களான டன்பாரும் கெனடியும் ஒருவரையொருவர் வைது பாடிய போட்டிச் செய்யுள் அப்பெயராலேயே அறியப்படுகின்றது. ஆங்கும் வசை ஒரு கலையாயிற்று; அதற்கும் எதிர்நின்று விடையிறுக்க ஒருவர் இருந்தார்.

கொம்புமுறி வரம்பு மீறிக் கைகலப்பாய் முடிந்ததும் உண்டு. அவ்விளையாட்டு அருகியமைக்குக் கூறப்படும் காரணங்களுள் இதுவும் ஒன்றாகும். எதிர்நின்று கேட்பவர், நடுநின்று காணும் ஊர், இன்னநாளோடு முடியும் என்னும் நியதி ஆகிய மூன்றும் காக்கும் வரையில் வசை ஊரைப் பிரிப்பதில்லை. அக்காவல் நீங்கினால், வெளிப்படையான கண்டனமும் புறங்கூற்றும் வேறுபாடின்றி ஒன்றாகிவிடும்.