நாடகம் முடிந்தபின் நடக்கும் பேச்சு

நாடகம் முடிந்து கைதட்டல் அடங்கியதும் நடிகர்களும் கலைஞர்களும் மேடைக்குத் திரும்பி வந்து பார்வையாளர்களோடு பேசுவது பல நாடுகளின் அரங்குகளில் பழகிப்போன வழக்கம். அமெரிக்காவில் இதை 'டாக்பேக்' என்பார்கள். எல்லாக் காட்சிகளுக்கும் இது இருக்காது. எந்த நாள் காட்சிக்குப் பின் கலந்துரையாடல் என்பதை முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். பெரும்பாலும் தனிக் கட்டணம் கிடையாது. நாடகத்துக்கு வாங்கிய டிக்கெட்டே போதும். விருப்பமில்லாதவர்கள் எழுந்து போகலாம், யாரும் தவறாக நினைப்பதில்லை. ஒப்பனையைக் கலைத்து உடை மாற்றி வர நடிகர்களுக்குப் 10 நிமிடம் ஆகும். அதன்பின் பேச்சு 20 முதல் 40 நிமிடம் வரை நீளும்.

சற்றுமுன் அரசனாக நின்றவர் டி-ஷர்ட்டும் செருப்புமாக வந்து உட்காரும்போது அரங்கில் சின்னச் சலசலப்பு எழும். நடுவில் நெறியாளர் ஒருவர் இருப்பார். முதல் கேள்வியை அவரே கேட்டுப் பார்வையாளர்களின் தயக்கத்தைப் போக்குவார். ஒருவரே பேசிக்கொண்டு போனால் பக்குவமாக நிறுத்துவார். இயக்குநரைப் பார்க்கலாம் என்று உட்கார்ந்திருப்பவர்கள் சில நாள் ஏமாறுவார்கள். அரங்கேற்றம் முடிந்ததும் இயக்குநர் அடுத்த வேலைக்குப் போய்விடுவது மேலைநாட்டுத் தொழில்முறை அரங்குகளில் சாதாரணம். அவர் இடத்தில் மேடை மேலாளர் வந்தால் அது நஷ்டமே இல்லை. விளக்கு எப்போது மாற வேண்டும், இடி எப்போது முழங்க வேண்டும், பொருள்களை யார் எப்போது உள்ளே கொண்டுவர வேண்டும் என்று காட்சி முழுவதும் உத்தரவு தந்துகொண்டிருப்பவர் அவர். நடிகர் இரண்டு பக்க வசனத்தைத் தாண்டிப் போய்விட்டால் என்ன செய்வீர்கள் என்று அவரிடம் கேட்டால், எந்த நடிகரும் சொல்லாத கதைகள் வரும்.

இவ்வளவு வசனத்தை எப்படி மனப்பாடம் செய்கிறீர்கள் என்ற கேள்வி எந்த ஊரிலும் வந்துவிடும். அதற்குப் பழகிய பதில் ஒன்று நடிகர்களிடம் தயாராக இருக்கும். மேடையில் கண்ட ஒன்றைப் பிடித்துக் கேட்பது இதைவிடப் பயன் தரும்: அந்த நாற்காலி ஏன் கடைசிவரை காலியாக இருந்தது, மகள் ஏன் தந்தையை ஒருமுறைகூட நேராகப் பார்க்கவில்லை. இப்படிக் கேட்டால் ஒத்திகையில் நடந்த வாக்குவாதங்களும் கைவிட்ட யோசனைகளும் வெளியே வரும். நாடகத்தின் கருத்து என்ன என்று கேட்டால் பெரும்பாலும் மழுப்பல்தான் கிடைக்கும். நடிகர் அந்த நாடகத்தைப் பார்வையாளர் இருக்கையிலிருந்து பார்த்ததே இல்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். மொத்தமும் எப்படித் தெரிந்தது என்று அவரிடம் கேட்பதைவிட அவருக்குச் சொல்வதே பொருத்தம்.

அப்படிச் சொன்னது ஒரு நாடகத்தையே மாற்றியிருக்கிறது. ஜெர்மன் நாடகாசிரியர் பெர்டோல்ட் பிரெக்ட், இசையமைப்பாளர் கூர்ட் வைலுடன் சேர்ந்து 1930-இல் 'ஆம் என்பவன்' என்ற பள்ளி இசைநாடகத்தை உருவாக்கினார். நோயுற்ற தாய்க்கு மருந்து வாங்க மலைப்பயணக் குழுவோடு ஒரு சிறுவன் போகிறான். வழியில் அவனே நோயில் விழுகிறான். அப்படி விழுபவனுக்காகக் குழு திரும்பக் கூடாது என்பது பழைய வழக்கம். அதற்கு உடன்பட்டு அவன் உயிரை விடுகிறான். பெர்லினின் நாய்க்கோல்ன் பகுதியிலிருந்த கார்ல் மார்க்ஸ் பள்ளி மாணவர்கள் இதை விவாதித்தபோது, சிறுவன் சாக வேண்டிய அவசியம் என்ன என்று மறுத்துக் கேட்டார்கள். பிரெக்ட் முதல் நாடகத்தைத் திருத்தியதோடு, சிறுவன் மறுத்துவிடும் 'இல்லை என்பவன்' என்ற இன்னொன்றையும் எழுதினார். மாணவர்களின் கருத்துகளையும் நாடகங்களோடு சேர்த்து அச்சிட்டார். புகழ்பெற்ற ஒரு நாடகாசிரியர் பள்ளிப் பிள்ளைகளின் பேச்சை இந்த அளவுக்கு மதித்ததற்கு வேறு உதாரணம் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

இன்னும் வளர்நிலையில் இருக்கும் நாடகத்தை முன்னோட்டமாகக் காட்டிவிட்டு நடத்தும் பேச்சு வேறு வகை. அங்கே பார்வையாளர் சொல்வது பிரதியை நேரடியாகத் தொடும் என்பதால் ஒழுங்கு தேவைப்படுகிறது. அமெரிக்க நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் 1990 வாக்கில் வகுத்த முறையை இதற்குப் பலர் பின்பற்றுகிறார்கள். முதலில் மனத்தில் நின்றதைப் பார்வையாளர் சொல்ல வேண்டும். அடுத்து கலைஞர் தம் சந்தேகங்களைக் கேட்பார். மூன்றாவதாகப் பார்வையாளர் கேட்கலாம். ஆனால் கேள்விக்குள் அபிப்பிராயம் ஒளிந்திருக்கக் கூடாது. அபிப்பிராயம் கடைசியில்தான், அதுவும் கலைஞரின் அனுமதி பெற்று. படிக்கச் சுலபமாகத் தோன்றும் இந்த மூன்றாம் படியில்தான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். 'ஏன் இவ்வளவு நீளம்?' என்பது கேள்வி அல்ல.

பிரேசில் நாட்டு நாடகக் கலைஞர் அகஸ்டோ போவால் பேச்சையே நாடகத்துக்குள் கொண்டுவந்தார். 1970களில் பெருவில், பார்வையாளர் சொல்லும் யோசனைப்படி நடிகர்கள் காட்சியை மாற்றி நடிக்கும் முறையை அவர் நடத்திவந்தார். ஒரு பெண் தான் சொன்னதை நடிகை சரியாகச் செய்யவில்லை என்று திரும்பத் திரும்பக் குறைப்பட, கடைசியில் அவரையே மேடையேற்றி நடிக்கச் சொன்னதாகப் போவால் எழுதியிருக்கிறார். பார்வையாளரே உள்ளே புகுந்து நடிக்கும் மன்ற அரங்கு இவ்வாறு பிறந்தது. அங்கே நெறியாளருக்கு 'ஜோக்கர்' என்று பெயர்.

இதையெல்லாம் விரும்பாதவர்களும் உண்டு. அமெரிக்க நாடகாசிரியர் டேவிட் மாமெட், தம் நாடகங்கள் முடிந்த 2 மணி நேரத்துக்குள் அவற்றைப் பற்றிய கலந்துரையாடல் நடத்தக் கூடாது, மீறினால் 25,000 டாலர் அபராதம் என்று உரிம ஒப்பந்தத்தில் விதித்தார். 2017-இல் டெட்ராய்ட் பகுதிக் குழு ஒன்று அவருடைய 'ஓலியானா'வை நடித்தபோது இது செய்தியானது. பேராசிரியர் மீது மாணவி ஒருத்தி புகார் சொல்லும் கதை அது. பார்த்தவர்களுக்குச் சண்டை போடாமல் வீட்டுக்குப் போவது கடினம். தடை மிகை என்றாலும், அடிபட்ட மனத்தோடு உடனே பேசுவதும் பேசக் கேட்பதும் அந்த அனுபவத்தைக் கலைத்துவிடும் என்ற அச்சத்தில் நியாயம் இருக்கிறது. தில்லியில் தேசிய நாடகப் பள்ளி நடத்தும் பாரத் ரங் மகோத்சவத்தில் இயக்குநர் சந்திப்புகளை நாடகத்துக்கு மறுநாள் வைக்கும் வழக்கம் இருந்துவருகிறது. ஓர் இரவு கழிந்தபின் கேள்விகள் சூடு குறைந்து கூர்மையாக வரும்.

தமிழகச் சபா நாடகங்களில் மேடையேறிப் பேசுபவர் சிறப்பு விருந்தினர். பொன்னாடை, பாராட்டு, நன்றியுரை என்று அது ஒரு சடங்கு. பார்வையாளருக்கு அதில் வாய் கிடையாது. 1970களின் பிற்பகுதியில் தொடங்கிய கூத்துப்பட்டறை, பரீக்ஷா, மதுரையின் நிஜ நாடக இயக்கம் போன்ற நவீன நாடகக் குழுக்கள் சிறு இடங்களில் நடித்ததால், நடிப்பவருக்கும் பார்ப்பவருக்கும் இடையே தூரம் குறைந்தது. இன்றும் இத்தகைய நிகழ்ச்சிகளில் நெறியாளர், மைக் எதுவும் இல்லாமல், நடித்தவர்கள் அப்படியே தரையில் உட்கார்ந்து பேசுவதுண்டு. அரங்க வாடகை நேரம் முடிந்து காவலாளி வந்து நின்றால் பேச்சு பக்கத்துத் தேநீர்க் கடைக்கு இடம் மாறும். ஒலி, ஒளி ஆட்கள் மட்டும் உள்ளே சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டிருப்பார்கள். விளக்கமைப்பைப் பற்றிக் கேட்க நினைப்பவர்கள் அதற்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது.